இரும்புப் பந்துக்குப் பக்கத்தில் ஒரு கறுப்பு

என் மகள் மைமூனுக்கு, வாப்பா சொல்லச் சொல்ல உம்மா எழுதுகிறாள். பேச்சு என்னுடையது, எழுத்து அவளுடையது. எனக்கு வாசிக்கத் தெரியாது என்கிற தைரியத்தில் அவள் நடுவில் தன் சரக்கையும் சேர்த்துவிடுவாள். எங்கேயாவது வாப்பாவைக் கேலி செய்து ஒரு வரி இருந்தால் அது என் வாயிலிருந்து வந்ததல்ல என்று புரிந்துகொள். நீ கல்யாணமாகி விக்ரோலிக்குப் போய் ஒரு வாரம்தான் ஆகிறது. சயானில் ரயில் ஏறி மூச்சு வாங்கி முடிப்பதற்குள் விக்ரோலி வந்துவிடும். இவ்வளவு பக்கத்தில் இருக்கிறவளுக்குக் கடிதம் எதற்கு என்று கேட்பாய். நம் ஒற்றை அறைக் கோலியில் நான் ஒரு வார்த்தை பேசினால் இந்தச் சுவருக்கு அப்புறத்திலிருந்து ஒரு பதிலும் அந்தச் சுவருக்கு அப்புறத்திலிருந்து ஒரு பதிலும் வரும். உன்னிடம் மட்டும் ஒன்று பேச வேண்டுமென்றால் தாராவியில் அதற்கு இடம் கிடையாது. அதோடு, என் இடுப்புப் படத்தின் கதையை நம் சந்தில் ஆளுக்கொரு விதமாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். நேற்று டீக்கடையில் நம் ஊர்த் தம்பி ஒருவர் என்னிடமே வந்து, "காக்கா, டாக்டரம்மா தொட்டதும் உங்க நோய் எறங்கி ஓடிட்டாமே, எந்த ஆஸ்பத்திரி அது?" என்று விலாசம் கேட்டார். உன் மாமியார் வீட்டிலும் கேட்பார்கள். நடந்தது நடந்தபடி உன் கையில் இருக்கட்டும். மாப்பிள்ளைக்கும் வாசித்துக் காட்டு. பம்பாயில் பிறந்த பிள்ளை, தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார். அவரே வாசிக்க ஆரம்பித்தால் அடுத்த பெருநாள் வந்துவிடும்.

பட்டறையில் மாடியறை ஏணியிலிருந்து தோல்கட்டோடு நான் விழுந்தது உனக்கு நினைவிருக்கும். பெல்ட்டுக்குத் தோல் வெட்டுகிற வேலையில் அத்தனை வருஷம் இருந்து ஒரு விரலைக்கூட வெட்டிக்கொள்ளாதவன், ஏணியில் கால் வழுக்கித் தொடை எலும்பின் தலையை உடைத்துக்கொண்டேன். ஆஸ்பத்திரியில் உடைந்த தலையை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு இரும்புப் பந்தை வைத்தார்கள். பந்துக்குக் கீழே ஒரு கம்பி. அது தொடை எலும்புக்குள் இறங்கி நிற்கும். அனுப்பும்போது, இனிமேல் குந்தி உட்காரக் கூடாது, சம்மணம் போடக் கூடாது, தரையில் உட்காரக் கூடாது என்று சொன்னார்கள். தாராவியில் இந்த மூன்றும் இல்லாமல் ஒரு மனிதன் எங்கே போவது? தோல் வெட்டுவது தரையில், சோறு தரையில், தொழுகை தரையில். எல்லாவற்றுக்கும் ஒரு ஸ்டூல் போட்டுச் சமாளித்தேன். கக்கூஸில்தான் ஸ்டூல் போட முடியாது. பிறந்ததிலிருந்து குந்தியே ஒண்ணுக்குப் போய்ப் பழகியவன், கிழவனான பிறகு நின்றுகொண்டு போகக் கற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று. இந்த இடத்தில் உம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். "கல்யாணமான புள்ளைக்கு எழுதுத கடுதாசியில இதெல்லாமா வரணும்?" என்கிறாள். இது இல்லாவிட்டால் கதையே இல்லை, எழுது என்று சொல்லி எழுத வைத்திருக்கிறேன். அந்தக் கலை எனக்குச் சரியாக வரவே இல்லை என்பதையும் எழுது. (நாந்தான் லுங்கி துவைக்கிறவள், எனக்குத் தெரியாதா. இது உம்மா.)

சில வருஷம் அந்தப் பந்து தன் பாட்டுக்கு இருந்தது. நம் சந்துக்கு முதல் கலர் டிவி வந்த வருஷம், விக்ரோலியிலிருந்து உன்னைப் பெண் கேட்டு வந்தார்கள். ஜாபர், லேத் பட்டறையில் ஃபிட்டர், நல்ல குடும்பம், பையன் சிரித்த முகம். நிச்சயம் முடிந்து நாளும் குறித்தாயிற்று. அந்தச் சந்தோஷத்தில் நான் கொஞ்சம் அதிகமாகவே நடந்திருப்பேன் போலிருக்கிறது. ஸ்டூலிலிருந்து எழுந்து முதல் அடி வைக்கும்போது தொடைக்குள் யாரோ ஆணி அடிப்பது போல் வலிக்கும். நாலு எட்டு நடந்தால் குறையும். நான் யாரிடமும் சொல்லவில்லை, நீதான் கண்டுபிடித்தாய். "வாப்பா, எந்திரிக்கும்போது எதுக்குப் பல்லைக் கடிக்கிறீய?" என்று கேட்டு, மறுநாளே இழுத்துக்கொண்டு போய் ஆஸ்பத்திரி வரிசையில் நிறுத்திவிட்டாய். ஆபரேஷன் செய்த டாக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். ஒன்று கம்பி ஆட்டம் கண்டிருக்க வேண்டும், இல்லையென்றால் பந்துக்குப் பக்கத்தில் சீழ் பிடித்திருக்க வேண்டும், எக்ஸ்ரேயில் பிடிபடவில்லை என்று சொன்னார். எலும்பு ஸ்கேன் எடுத்து வா என்று வேறொரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்.

அந்த ஸ்கேன் என்ன என்பதை நீ பஸ்ஸில் எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தாய். ஊசி வழியாக ஒரு மருந்து ஏற்றுவார்கள். உடம்பில் எலும்பு எங்கே அதிகமாக வேலை செய்கிறதோ அங்கே அந்த மருந்து போய் உட்காரும். உட்கார்ந்த இடமெல்லாம் படத்தில் கறுப்பாக விழும். இரும்புக்கு உயிரில்லை, அதனால் இரும்பு இருக்கிற இடம் வெறுமையாக இருக்கும். அந்த வெறுமையைச் சுற்றி எங்கே கறுப்பு, எவ்வளவு கறுப்பு என்று பார்த்துத்தான் வலிக்கு என்ன காரணம் என்று சொல்வார்கள். மிச்ச மருந்து ஒண்ணுக்கில் வெளியே போய்விடும், அதனால் நிறையத் தண்ணீர் குடித்து அடிக்கடி போக வேண்டும். எனக்கு இவ்வளவும் நன்றாகப் புரிந்தது. கடைசியில் சொன்ன விஷயத்தில்தான் எல்லாம் மாட்டிக்கொண்டிருந்தது, அது உனக்கும் புரியவில்லை, எனக்கும் புரியவில்லை.

போனவுடன் அந்த மராட்டிப் பையன், படம் எடுக்கிறவன், பச்சைச் சட்டை ஒன்றைக் கொடுத்துப் போட்டுக்கொள்ளச் சொன்னான். பின்பக்கம் முழுக்கத் திறந்திருந்தது. வயசுக்கு வந்த மகள் பக்கத்தில் இருக்கிறாள், இதை நான் போடுவேனா? "நஹி பாபா, லுங்கி டீக் ஹை" என்று சொல்லிவிட்டேன். லுங்கிக்கு மேலே கட்டியிருந்த பெல்ட்டையும் சட்டையின் உலோகப் பொத்தானையும் மட்டும் கழற்றி வாங்கிக்கொண்டு, பருத்தித் துணிதானே என்று விட்டுவிட்டான். ஊசி போட்டார்கள். மாடிப்படிக்குக் கீழே உட்கார வைத்து நீ எனக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டே இருந்தாய். கல்யாணத்துக்கு வளர்க்கிற ஆட்டுக்குக்கூட இப்படித் தண்ணீர் காட்டியிருக்க மாட்டார்கள். நான் நடந்து நடந்து போய் வந்தேன். அப்புறம் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு மேஜையில் ஏறிப் படுத்தேன். டிரம் மாதிரி ஒன்று மேலே வந்து நின்றது. "சாச்சா, ஹில்னா மத்" என்றான் பையன். நான் அசையவே இல்லை. எனக்குப் பின்னால் வந்தவர்களிடமெல்லாம் அவன் என்னைக் காட்டி, இப்படிப் படுக்க வேண்டும் என்று சொன்னதாக நீதானே சொன்னாய்.

படம் வந்தது. கடுகைக் கொட்டி ஒரு ஆளை வரைந்தது போல இருந்தது. விலா தெரிந்தது, இடுப்பு தெரிந்தது, இடது பக்கம் இரும்புப் பந்து இருக்கிற இடம் வெறுமையாக இருந்தது. அதற்குப் பக்கத்தில், ஒரு கைப்பிடி கடுகை யாரோ தவறிக் கொட்டிவிட்டது போல ஒரே கறுப்பு. அங்கே இருந்த சின்ன டாக்டர் அதில் விரலை வைத்துத் தட்டினார். நீ அவரோடு இந்தியில் நீளமாகப் பேசினாய். பேசப் பேச உன் முகம் மாறியதை நான் பார்த்தேன். "என்னம்மா சொல்லுதாரு?" என்று கேட்டதற்கு, "ஒண்ணுமில்ல வாப்பா, வாங்க போவோம்" என்றாய். உனக்குப் பொய் சொல்ல வராது. பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு வந்தாயே, அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

ஆபரேஷன் டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு என்ன சொன்னார் என்பதை எனக்கு உம்மாதான் சொன்னாள். சீழ் பிடித்திருக்கிறது என்று சந்தேகப்படுகிறார்கள். பந்தையும் கம்பியையும் வெளியே எடுக்க வேண்டியிருக்கும். உள்ளே ஆறுகிற வரைக்கும் மூட்டே இல்லாத காலோடு படுக்கையில் கிடக்க வேண்டும். மறுபடி பந்து வைப்பார்களா என்பதை அப்போதுதான் சொல்ல முடியும். இதைக் கேட்டதும் நீ செய்த காரியம் இருக்கிறதே! யாரையும் கேட்காமல் விக்ரோலிக்கு ஆளை அனுப்பி, கல்யாணத்தை இப்போதைக்கு வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டாய். எனக்கு வந்த கோபத்தில் ஸ்டூலிலிருந்து பல்லைக் கடிக்காமலே எழுந்துவிட்டேன். "நான் இல்லாட்டி என்ன, உன் சின்ன வாப்பா இருக்கான், அவன் கையைப் புடிச்சுக் கொடுப்பான்" என்று கத்தினேன். நீ அடுப்பைப் பார்த்துக்கொண்டே, "சின்ன வாப்பா கொடுத்தா சின்ன வாப்பா மவ போவா. நான் உங்க மவ" என்றாய். உன்னை அதட்டிவிட்டு வெளியே வந்து நின்றேன். உண்மையைச் சொல்கிறேன், நான் கேட்க ஆசைப்பட்டதும் அதைத்தான். மாப்பிள்ளையின் கையைப் பிடித்து, என் மகளை உமக்கு நிக்காஹ் செய்து தந்தேன் என்று சொல்கிற அந்த ஒரு வரியை நீ பிறந்த அன்றிலிருந்து நான் வாய்க்குள் வைத்திருக்கிறேன். படிக்காதவன் மனப்பாடம் செய்த ஒரே பாடம் அது. அதை என் தம்பி சொல்வதைக் கட்டிலில் கிடந்து கேட்க வேண்டுமா என்று நினைத்தபோது, பந்தை எடுத்துவிடுவார்கள் என்ற பயம்கூடப் பெரிதாகத் தெரியவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஜாபர் வந்தார். சண்டைக்கு வருகிறார் என்று நினைத்து உம்மா முந்திக்கொண்டு டீ போட்டாள். அவர் வந்து என் ஸ்டூலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். "மாமா, ஒரு யோசனை. நிக்காஹ்வ வார்டுலயே வச்சுக்கிடுவோம். நீங்க கட்டில்ல இருந்தே கையக் கொடுங்க. நர்ஸ்மாருக்கும் பிரியாணி. எடுபிடிக்கு ஆளும் கெடைக்கும்" என்றார். சுவருக்கு அப்புறத்திலிருந்து யாரோ சிரித்தார்கள். தடுப்புக்குப் பின்னால் நீயும் சிரித்தாய், அத்தனை நாளுக்கு அப்புறம். அந்தப் பையனிடம் உன்னைக் கொடுக்கலாம் என்று நான் முடிவு செய்தது நிச்சயதார்த்தத்தில் அல்ல; அந்த ஞாயிற்றுக்கிழமைதான். ஒரு நாள் அவர் மேல் உனக்குக் கோபம் வரும், வராமல் இருக்காது. அப்போது இந்த நர்ஸ் பிரியாணியை நினைத்துக்கொள்.

ஆபரேஷனுக்கு நாள் சொல்வதற்குள் ஸ்கேன் ஆஸ்பத்திரியிலிருந்து மறுபடி வரச் சொன்னார்கள். அந்தப் பிரிவின் பெரிய டாக்டரம்மா லீவிலிருந்து திரும்பி வந்து பழைய படங்களைப் பார்த்தார்களாம். அந்தக் கறுப்பு இருக்கிற இடம் சரியாகப் படவில்லை, இன்னொரு தடவை எடுங்கள், இந்தத் தடவை பக்கவாட்டிலும் எடுங்கள் என்று சொல்லிவிட்டார்களாம். மறுபடி ஊசி, மறுபடி தண்ணீர், மறுபடி நின்றுகொண்டு அந்தக் கலை. மறுபடி லுங்கியை மடித்துக் கட்டிப் படுத்தேன். முதல் படம் விழுந்ததும் மராட்டிப் பையன் உச்சுக் கொட்டினான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்ற உன்னைப் பார்த்தேன். அதே இடத்தில் அதே கறுப்பு என்று உன் தலை குனிந்ததிலேயே தெரிந்துவிட்டது. அல்லாஹ் விட்ட வழி என்று எழுந்து மேஜை ஓரத்தில் நின்றேன்.

அப்போதுதான் அந்த அம்மா உள்ளே வந்தார்கள். வெள்ளைக் கோட்டுக்குள் பட்டுச் சேலை, நெற்றியில் குங்குமம், என் வயசு இருக்கும். டாக்டர் என்றால் இந்தியில்தான் கேட்பார் என்று நான் நிற்க, "என்ன பாய், திருநெல்வேலிப் பக்கமா? பேரைப் பார்த்தேன். நான் இங்கயே மாட்டுங்காவில இருக்கேன். பயப்படாம இருங்கோ" என்று தமிழில் சொன்னார்கள். மகளே, ஆஸ்பத்திரிக்குள் நுழைந்ததிலிருந்து இந்தி பேசுகிறவர்களுக்கு முன்னால் மடித்துக் கட்டிக்கொண்டு ராஜா மாதிரி நடந்தவன் நான். தமிழ் காதில் விழுந்ததும், அதுவும் ஒரு பெரிய மனுஷி வாயிலிருந்து விழுந்ததும், என் கை நான் சொல்லாமலே இடுப்புக்குப் போயிற்று. செருகியிருந்த லுங்கி ஓரத்தை அவிழ்த்துக் கணுக்கால் வரைக்கும் இறக்கிவிட்டு ஸலாம் வைத்தேன். நம்மில் யார்தான் அதை யோசித்துச் செய்கிறோம்?

"பக்கவாட்டில படுங்கோ" என்றார்கள். படுத்தேன். டிரம் வந்தது. அப்புறம் மராட்டிப் பையன் ஏதோ சொன்னான், குரலில் பயம். மறுபடி மல்லாக்கப் படுக்கச் சொன்னார்கள். மறுபடி எடுத்தார்கள். பையன் மிஷினை ஒரு தட்டுத் தட்டினான். "மேடம், கராப் ஹோ கயா" என்றான். இடுப்பில் இருந்த கறுப்பைக் காணோம். ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் எருமைக் கன்று மாதிரி உட்கார்ந்திருந்த கறுப்பு, இப்போது இருந்த தடமே இல்லை. நீ கண்ணாடியில் மூக்கை அப்பிக்கொண்டு நின்றாய். டாக்டரம்மா மட்டும் சிரிக்கவும் இல்லை, பதறவும் இல்லை. "மிஷின் நன்னாத்தான் இருக்கு. கேமராவைக் கீழ எறக்கு. இன்னும் கீழ" என்று சொல்லிக்கொண்டே போனார்கள். முழங்கால் தாண்டி, கெண்டைக்கால் தாண்டி, கணுக்காலுக்கு வந்ததும் படத்தில் குபுக்கென்று விழுந்தது அந்தக் கறுப்பு. எலும்புக்கு வெளியே, சும்மா காற்றில்.

அந்த அம்மா என் காலைப் பார்த்தார்கள். லுங்கி ஓரத்தைப் பார்த்தார்கள். குனிந்து, விரலைப் படவிடாமல், ஒரு சின்ன ஈரத்தைப் பார்த்தார்கள். "பாய், நின்னுண்டா போறேள்?" என்று மெதுவாகக் கேட்டார்கள். எனக்கு அந்த மேஜை பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. "குந்தக் கூடாதுன்னு டாக்டர்தான் சொல்லிட்டாரும்மா, பழக்கமில்ல" என்றேன். "சிந்தின ஓரத்தை எடுத்து இடுப்புல செருகிண்டுட்டேள். மருந்தெல்லாம் அந்த ஈரத்துலதான் இருக்கு. சரியா இரும்புக்கு மேலயே கொண்டுபோய் வெச்சிருக்கேளே, அளவெடுத்த மாதிரி!" என்று சொல்லும்போதே அவர்களுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. பையனிடம் இந்தியில் சொன்னார்கள்; அவன் தரையில் குந்தி உட்கார்ந்து சிரித்தான், அவனால் குந்த முடியும். நீ உள்ளே ஓடி வந்து என்னவென்று கேட்டாய். அதை உன்னிடம் எப்படிச் சொல்வது? நான் சுவரைப் பார்த்தேன். டாக்டரம்மாதான் சொன்னார்கள். நீ அழுதாய், சிரித்தாய், எது எப்போது முடிந்து எது எப்போது தொடங்கியது என்று எனக்குத் தெரியவில்லை. "வாப்பா, இந்த லுங்கிக்கா நான் கல்யாணத்த நிறுத்துனேன்!" என்று நீ போட்ட சத்தத்தில் வெளியே வரிசையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

சோப்புப் போட்டுக் காலையும் இடுப்பையும் கழுவிக்கொண்டு, கடைசியில் நான் அந்தப் பின்பக்கம் திறந்த பச்சைச் சட்டையைப் போட்டுக்கொண்டேன். அதில் எடுத்ததுதான் கடைசிப் படம். டாக்டரம்மா அதை விளக்குப் பெட்டியில் மாட்டி, நம் இரண்டு பேரையும் பக்கத்தில் கூப்பிட்டு, ஒரு பேனாவின் மூடியால் காட்டிக் காட்டிச் சொன்னார்கள். "இதோ பாருங்கோ, கம்பியோட நுனியில மட்டும் கொஞ்சம் கறுப்பு. அங்க இரும்பு எலும்பை முட்டறது, எலும்பு அதுக்குப் பதில் சொல்லிண்டிருக்கு. வலி அதனாலதான் இருக்கும். சீழ் இருந்தா பெரும்பாலும் இப்படி நுனியில நிக்காது, சுத்திலும் நெடுகப் படர்ந்திருக்கும். ரத்தப் பரிசோதனையும் நன்னா இருக்கு. இந்தப் படத்தை மட்டும் வெச்சுண்டு நூத்துக்கு நூறு யாராலும் சொல்ல முடியாது, அதனால கொஞ்ச மாசம் கழிச்சு இன்னொரு தடவை பார்த்துடலாம். இப்போதைக்கு உங்க பந்தைக் கழட்டற அளவுக்கு இதுல ஒண்ணுமில்லை. கைத்தடி வெச்சுக்கோங்கோ, பாரம் தூக்காதேள்." ஆபரேஷன் டாக்டரும் அப்புறம் அதையே ஒத்துக்கொண்டார். நான் கேட்டேன், "கல்யாணத்துல நிக்கலாமாம்மா?" "நில்லுங்கோ, நடங்கோ. ஆடாதேள்" என்றார்கள். முதலில் படம் பார்த்த சின்ன டாக்டர் பக்கத்தில் நின்றிருந்தார், முகம் சுண்டிப்போய். அவர் மேல் என்ன தப்பு? படத்தில் கறுப்பு இருந்தது, கறுப்பு என்று சொன்னார். லுங்கியைப் படம் பிடிக்கிற மிஷின் இல்லையே அது.

இவ்வளவையும் நான் ஏன் உனக்குச் சொல்கிறேன் என்றால், மைமூன், நீ என்னைப் போலவே அவசரக்காரி. ஒரு கறுப்பைப் பார்த்தால் உடனே ஆபரேஷன் வரைக்கும் போய்விடுவாய். இனி நீ ஒரு புது வீட்டில் இருக்கிறாய். அங்கே மாமியார் ஒரு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருப்பாள், மாப்பிள்ளை ஒரு நாள் சாப்பிடாமல் வேலைக்குப் போவார், நாத்தனார் ஒரு சொல் சொல்லுவாள். பார்த்தவுடன் உள்ளே சீழ் பிடித்துவிட்டது என்று முடிவு கட்டிவிடாதே. அன்றைக்கு அவர் எங்கே நின்றார், என்ன மேலே சிந்தியது, எதை இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டுக்கு வந்தார் என்று கேள். ஃபோர்மன் திட்டியிருப்பான், ரயிலில் யாராவது காலை மிதித்திருப்பார்கள். பக்கவாட்டிலிருந்தும் ஒரு தடவை பார். எலும்பில் இருப்பதும் துணியில் இருப்பதும் படத்தில் ஒரே கறுப்புத்தான். பார்த்த பிறகும் கறுப்பு எலும்பில்தான் இருக்கிறது என்றால் மறைக்காதே, மூடி வைக்காதே, நேரே இங்கே வா. ஸ்டூலை நகர்த்தி இடம் போட்டுத் தருவேன். ஆனால் அதற்கு முன்னால் இன்னொரு படம் எடுத்துப் பார்த்துவிட்டு வா. (கல்யாணமான புதுசில் நான் ஒரு மாதம் உன் வாப்பாவோடு பேசாமல் இருந்தேன். கடைசியில் பார்த்தால் அவருக்குப் பல்வலி. உம்மா.)

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எனக்காக நீ கல்யாணத்தை நிறுத்தியது எனக்குப் பெருமை. ஆனால் இனிமேல் செய்யாதே. எங்கள் உடம்பில் ஏதாவது ஒன்று வந்துகொண்டேதான் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் நீ உன் சந்தோஷத்தைத் தள்ளி வைத்தால், எங்களுக்கு நோய் வந்ததைவிட நீ தள்ளி வைத்ததுதான் அதிகம் வலிக்கும். கவலைப்படு, வந்து பார், இரண்டு நாள் இரு. போகும்போது சிரித்துக்கொண்டே போ.

நிக்காஹ் அன்று நடந்ததை நீ பார்க்கவில்லை, பெண்கள் பக்கம் திரைக்குப் பின்னால் இருந்தாய். அதனால் அதையும் சொல்லிவிடுகிறேன். எல்லோரும் பாயில் உட்கார்ந்திருக்க, எனக்கு மட்டும் ஒரு நாற்காலி. மாப்பிள்ளை கீழே, நான் மேலே. கையைப் பிடிக்க வேண்டுமென்றால் அவர் ரயிலில் கம்பியைப் பிடிப்பது போலக் கையைத் தூக்க வேண்டும், நான் குனிய வேண்டும். குனியவும் கூடாது என்று ஆபரேஷன் டாக்டர் உத்தரவு. இமாம் என்ன செய்வது என்று பார்த்தார். உன் சின்ன வாப்பா எழுந்து, "காக்காவுக்குக் கஷ்டமா இருந்தா நான் வேணும்னா..." என்று இழுத்தான். நல்ல மனசோடுதான் சொன்னான். நான் வாயைத் திறப்பதற்குள் ஜாபர் பாயிலிருந்து எழுந்துவிட்டார். பூமாலையும் கழுத்துமாகக் கூட்டத்தைத் தாண்டிப் போய், பந்தல்காரர் உட்கார்ந்திருந்த நாற்காலியை அவரை எழுப்பிவிட்டு வாங்கிக்கொண்டு வந்து, எனக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார். முட்டியோடு முட்டி. கையை நீட்டினார். எண்ணெயும் இரும்பும் பழகிய கை, சூடாக இருந்தது.

இமாம் ஆரம்பித்தார். அவர் ஒரு வார்த்தை சொல்ல, நான் திருப்பி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். எனக்கு எங்கே பொறுமை? அவர் பிஸ்மில்லா முடிப்பதற்குள் நான் முழு வரியையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன், பேர், மாப்பிள்ளை தருகிற மஹர் தொகை எல்லாம் சேர்த்து. "பாய், கொஞ்சம் நில்லுங்க, நான் இன்னும் அங்கே வரலை" என்றார் இமாம். ஆண்கள் பக்கம் எல்லோரும் சிரித்தார்கள். அப்போது திரைக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு சிரிப்பு வந்தது. பெண்ணானவள் தலை குனிந்து மௌனமாக இருக்க வேண்டிய நேரம். யாரோ "ஸ்ஸ்" என்று அடக்கினார்கள், அது அடங்கவில்லை. மாப்பிள்ளைக்கும் தெரிந்தது அது யாருடைய சிரிப்பென்று. என் கைக்குள் அவர் கை குலுங்கியது. நான் அந்த வரியை மறுபடி முதலிலிருந்து சொன்னேன், இந்தத் தடவை மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக, உன் சிரிப்புக்கு மேலே கேட்கும்படி உரக்க.